இதுக்கு நெத்தி எங்க இருக்கு

மறுக்கா அதே எடம். மிஷின்ல இரும்பு வெட்டற டார்ச் எறங்குது, தகட்டத் தொடுது, தொட்டதோட நிக்க வேண்டியதுதான, நிக்காம இன்னும் அழுத்துது, தகடு தொப்பையாட்டம் உள்ள போயி டொக்குனு ஒரு சத்தம், அப்பறம் மேல ஏறி நெருப்புப் பத்தி, ஒரு ஜாண் தூரம் ஒழுங்கா வெட்டுற மாதிரி பாவ்லா காட்டிட்டு, தகட்டுலயே மூக்க ஒரசிக்கிட்டுப் படபடன்னு பொறி கக்குது. நிறுத்து நிறுத்துன்னு கத்திக்கிட்டே சிவப்புப் பட்டன அமுக்கறேன். யார நிறுத்தச் சொல்றேன்? பட்டறையில நான் மட்டுந்தான் இருக்கேன். மூணாவது தகடும் போச்சு. டார்ச் மொனை நாசிலக் கழட்டிப் பாத்தா ஓட்டை வட்டமா இல்ல, முட்டையாட்டம் நீண்டுருக்குது. கருமம். காலையில மாட்டுன புது நாசில். பஸ்ஸுக்குப் பாடி கட்டுற இந்தக் கரூர்ப் பட்டறையில பதினாலு வருசமா இருக்கேன், இந்தப் பிளாஸ்மா மிஷின் வந்து அஞ்சு வருசமாச்சு, வந்த நாள்ல இருந்து இதத் தொட்டவன் நான் ஒருத்தன்தான். காத்தையும் கரண்ட்டையும் சேத்து ஊதி இரும்ப உருக்கி வெட்டும். கம்ப்யூட்டர்ல படத்தக் குடுத்துட்டா அது பாட்டுக்கு ஓடி ஓடி வெட்டிக்கும், பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டா போதும். எட்டு எம்எம், பத்து எம்எம், சேஸிஸ்ல மாட்டற பிராக்கெட்டு, அந்தத் தடிப் பிளேட்டெல்லாம் வெண்ணெய அறுக்கற மாதிரி அறுத்துத் தள்ளுச்சு, நேத்து சாயங்காலம் வரைக்கும். இன்னைக்கு ஒரு எம்எம் ஜிஐ, நாகம் பூசுன மெல்லிசுத் தகட்டப் போட்டதும் இப்பிடிப் பண்ணுது. எஞ்சினுக்குக் காத்துப் போற சல்லடைத் தகடு, இடப்பக்கம் ஒண்ணு, வலப்பக்கம் ஒண்ணு. ரெண்டே ரெண்டு. குடுத்துட்டுப் போனது ஆறு தகடு. மூணு போச்சு, மூணு மிச்சம். மணி பத்தே முக்கா.

ஒரு மணிக்குள்ள சொல்லணும். தகட்ட இல்ல, அது திங்கக்கெழம காலையில குடுத்தாப் போதும். தாரணிக்குச் சொல்லணும். ஒம்பது மணிக்குப் போன் பண்ணுச்சு, புனேல இருந்து. எம்பொண்ணு சுத்தி வளைக்காது, சின்னதுல இருந்தே அப்பிடி. அப்பா, எனக்குத் திங்கக்கெழம ஆபீஸ் சேரணும், பக்கத்துல கொழந்தைகளப் பாத்துக்கற எடத்துல ஒரே ஒரு எடம் இருக்குது, இன்னைக்கு ஒரு மணிக்குள்ள பேரக் குடுக்கலீன்னா வேற ஆளுக்குப் போயிரும், அம்மா இங்கயே இருக்கறதுன்னா அந்த எடம் வேண்டாம், அம்மாவக் கேட்டா உங்கப்பாவக் கேளுங்குது, அவரு வான்னா வர்றேன், இல்லீன்னா பேரன் பள்ளிக்கூடம் போற வரைக்கும் இருக்கேங்குது, நீங்க என்ன சொல்றீங்க. பள்ளிக்கூடம் போற வரைக்கும்னா மூணு வருசம். எனக்கு அம்பத்தி அஞ்சு. நான் என்ன சொன்னேன்? எப்பவும் சொல்றதத்தான். உங்களுக்கு எது சௌரியமோ அப்பிடிப் பண்ணுங்க கண்ணு. அதுக்கு அது, அப்பா நெசமாச் சொல்லுங்கன்னுச்சு. யோசிச்சுச் சொல்றேஞ்சாமின்னு வெச்சுட்டேன். பின்னால அந்தப் பொடியன் ங்ஙே ங்ஙேன்னு ஏதோ பேசறான். ஏழு மாசம். அவன இன்னும் கையில தூக்கல, போன்லதான் பாத்துருக்கேன். அவனக் கொண்டுபோயி ஊரு பேரு தெரியாதவங்க கையில விடச் சொல்றதா, எனக்குச் சோறாக்க ஆளில்லீன்னு? எந்த வாயில சொல்றது? மொதலாளியோட தங்கச்சி மகனுக்கு இன்னைக்குக் கல்யாணம், பட்டறையே காலியாக் கெளம்பிருச்சு, வெல்டருங்க, பெயிண்டருங்க, வாச்மேன் மொதக்கொண்டு. வையாபுரியண்ணா வாங்க போலாம்னு வண்டியில எடம் போட்டு வெச்சாங்க. வேலை கெடக்குது நீங்க போயிட்டு வாங்கன்னேன். போனா எல்லாரும் ஒரே கேள்வி கேப்பாங்க. ஏனுங் அக்கா வரலீங்களா.

காத்தா இருக்கும். கம்ப்ரசர்ல தண்ணி சேந்தா நெருப்பு இப்பிடித்தான் துப்பும். அடியில இருக்கற குழாயத் தொறந்தேன், புஸ்ஸுனு வெறுங்காத்துத்தான், சொட்டுத் தண்ணியில்ல. பிரஷர் சரி. புது நாசில், புது எலக்ட்ரோடு, எல்லாங் கழட்டி மறுக்கா மாட்டி, செவப்பு ஒயரு கிளிப்ப டார்ச்சோட தாமிரத் தொப்பியில கவ்வ வெச்சு, சரி. ஆம்பியரக் கொறைச்சேன். ஸ்பீடக் கூட்டுனேன். ஒவ்வொண்ணா மாத்தணும், ரெண்ட ஒட்டுக்கா மாத்துனா எது செஞ்சுச்சுன்னு தெரியாமப் போயிரும், இத நான் எத்தன பேருக்குச் சொல்லியிருப்பேன், இன்னைக்கு நானே ரெண்டையும் மாத்தறேன். புத்தி இங்க இல்ல. ஐப்பசியில ஈரோடு போயி ரயில் ஏத்தி விட்டேன் எம்பொண்டாட்டி பரிமளத்த. மொதப் பிரசவம் நம்மூட்டுலதான் பாக்கணும், டாக்டரம்மா ரயிலேறக் கூடாதுன்னு சொல்லிருச்சு, அதனால புள்ள வரலை, இவ போனா. ஒண்ணரை மாசம்னு போனா. புளிக்காச்சல் ஒரு டப்பா, பருப்புப்பொடி ஒரு டப்பா, எது எங்க இருக்குதுன்னு ஒரு சீட்டு. வண்டி நவுந்ததுக்கு அப்பறம் சன்னல் வழியாத் தலைய நீட்டி என்னமோ சொன்னா, காதுல விழுவல. என்ன சொன்னேன்னு மறுநாள் கேட்டேன், கேஸ மூடிட்டுப் படுங்கன்னு சொன்னேன்னா. வேற என்னமோன்னு நெனச்சுட்டேன். என்ன நெனச்சேன்? தெரியல. முப்பத்திரண்டு வருசத்துல கேஸ மூடுங்கறதுக்கு மேல சன்னல் வழியா என்ன சொல்லிருவா. நித்தம் மத்தியானம் ஒரு மணிக்குப் போன் வரும். சாப்பிட்டிங்ளா? சாப்பிட்டேன். என்ன? சாம்பாரு, பொரியலு. ஒருநாள் நம்பாம போட்டோ எடுத்து அனுப்புங்கன்னா. மெஸ்ஸுல எடுத்து அனுப்புனேன். மறுநாள் சாப்பிடவே இல்ல, அதே போட்டோவ மறுக்கா அனுப்பிச்சேன். ஏனுங்க, நேத்து வெச்ச அதே பீன்ஸா, அந்தத் தட்டுக் கீறல் மொதக்கொண்டு அப்பிடியே இருக்குதுங்கறா. நல்லாருந்துச்சு, அதான் அதே தட்டுல வாங்குனேன்னேன். சிரிச்சா. நானுஞ் சிரிச்சேன். அன்னைக்காவது சொல்லியிருக்கலாம்.

தகடு தூக்குது, அதான் சனியன். மெல்லிசுத் தகடு சூடு பட்டா எந்திரிச்சு நிக்கும், எந்திரிச்சு வந்து டார்ச்ச முட்டும். அப்ப பாரத்த வெக்கணும். மூலையில பழைய பட்டை ஸ்பிரிங்கு துண்டு கெடந்துச்சு, ஆறேழக் கொண்டாந்து தகட்டச் சுத்திலும் அடுக்குனேன். குனிஞ்சு நிமுந்தா இடுப்புல சுரீர்னுது. அது மாசியில வந்த வலி. அத நெனைக்கக் கூடாதுன்னு வெச்சுருக்கேன், ஆனா குனிஞ்சா வந்துருது. காலங்காத்தால ஆறு மணி, பாத்ரூம்ல சோப்புத் தண்ணி, கால் போனது தெரியல, மல்லாக்க விழுந்து கெடக்கேன், எந்திரிக்க முடியல. இடுப்புக்குக் கீழ யாரோ ஆணி அடிச்ச மாதிரி. குழாயி சரியா மூடல, சொட்டுச் சொட்டா வாளியில விழுவுது. எண்ணினேன். ஆயிரத்துக்கு மேல எண்ணிட்டேன். போன் கட்டில் மேல கெடக்குது. கத்துனாக் கேக்காது, பக்கத்து ஊட்டுல மிக்ஸி ஓடுது. அப்பத்தான் அந்த நெனப்பு வந்துச்சு. நான் இப்பிடியே கெடந்தா எப்பத் தெரியும்? மெஸ்ஸுக்காரன் ஊருக்குப் போயிட்டாருன்னு நெனைப்பான். பட்டறையில காச்சலுன்னு நெனைப்பாங்க. மத்தியானம் ஒரு மணிக்குப் போன் அடிக்கும், எடுக்க மாட்டேன், மிஷின் சத்தத்துல கேக்கலைன்னு அவ நெனைச்சுக்குவா. சாயங்காலம் மறுக்கா அடிப்பா. அப்பத்தான் தெரியும். விடியக்காலம் விழுந்தவன் பொழுது எறங்குனா வெளிய தெரிவான். எனக்குப் பயமாப் போச்சு. சாவுக்குக்கூட இல்ல, அந்தச் சொட்டுச் சத்தத்த அது வரைக்கும் கேட்டுக்கிட்டே கெடக்கணுமேன்னு. எட்டு மணிக்கு எப்பிடியோ செவுத்தப் புடிச்சு எந்திரிச்சேன். பட்டறையில பைக்குல வழுக்கிட்டேன்னு சொன்னேன். ஒரு மணிக்குப் போன் வந்துச்சு. சாப்பிட்டிங்ளா? சாப்பிட்டேன். குரல் என்ன ஒரு மாதிரி இருக்குது? இரும்புத் தூசி. அம்புட்டுத்தான், வெச்சுட்டா. பட்டனத் தட்டுனேன். டார்ச் எறங்குச்சு, தொட்டுச்சு, அழுத்துச்சு, டொக்கு. பாரம் வெச்ச ஓரமெல்லாம் அசையல, நடு மட்டும் குழிஞ்சு குடுக்குது. அட, பாரம் வெச்சாக்கூடவா. ஒரசல், பொறி, வெள்ளப் பொகை, ஜிஐ பொகை நாக்குல இனிச்சுக்கிட்டு ஒட்டுது. நாலாவதும் போச்சு. ரெண்டு தகடு மிச்சம், ரெண்டு தகடு வேணும். இனி ஒண்ணுகூடத் தப்பக் கூடாது. மணி பதினொண்ணே முக்கா.

டைட்டஸக் கூப்புட எனக்குப் புடிக்காது. கோயமுத்தூர்ல மிஷின் சர்வீஸ் பாக்கற பையன், முப்பது வயசு இருக்கும், நல்லவன்தான், ஆனா எது கேட்டாலும் மொதல்ல பிளக்க மாட்டியிருக்கீங்களாண்ணாங்கற மாதிரித்தான் ஆரம்பிப்பான். வேற வழியில்ல, கூப்புட்டேன். அண்ணா, எர்த் கிளாம்ப்பு தகட்டுல கவ்வியிருக்குதாண்ணா? ஏந்தம்பி, நான் என்ன நேத்துப் பொறந்தவனா? கோவிச்சுக்காதீங்கண்ணா, டார்ச் தொடும்போது தகடு அமுங்குதா? அமுங்குது. எவ்வளவு? ஒரு வெரல் கட்டைக்கு. அண்ணா, அது அழுத்தக் கூடாதுங்ணா, அந்த செவப்பு ஒயரு இருக்குதில்ல, டார்ச் தகட்டத் தொட்ட ஒடனே அது வழியாச் சின்னக் கரண்ட்டு ஓடி, தொட்டாச்சுன்னு கம்ப்யூட்டருக்குச் சொல்லணும், அது சொல்லலைன்னா மிஷின் அழுத்திப் பாக்கும், எங்க எதிர்ப்பு வருதோ அங்கதான் தகடு இருக்குதுன்னு வெச்சுக்கும். தடிப் பிளேட்டுனா ஒடனே எதிர்ப்பு வந்துரும், ஒயரு வேலை செய்யலைன்னாலும் தெரியாது. மெல்லிசுத் தகடு வளைஞ்சு குடுத்துருமுங்ணா. வளைஞ்சு குடுத்த எடத்தையே அதோட நெச எடம்னு மிஷின் நம்பிக்கும். அப்பறம் கைய எடுத்ததும் தகடு மேல வந்துரும், டார்ச் அது மேலயே ஒரசும். லைன்ல இருக்கீங்களாண்ணா? இருக்கேன் தம்பி. எத்தன நாளா இப்பிடின்னு தெரியுதுங்களா? தெரியல. எட்டு மாசமாத் தடிப் பிளேட்டுத்தான் ஓட்டுனேன். அப்ப எட்டு மாசமாக்கூட இருக்கலாமுங்ணா, மீட்டர வெச்சு அந்த ஒயரு வழி பூராப் பாருங்க, எங்கியோ நடுவுல விட்டுருக்குதுன்னான். வெச்சுட்டு அங்கயே ஒரு டப்பா மேல உக்காந்துட்டேன். வளைஞ்சு குடுத்த எடத்தையே நெச எடம்னு நம்பிக்கும். அவன் மிஷினப் பத்தித்தான் சொன்னான். அவனுக்கு என்ன தெரியும் என்னப் பத்தி. பரிமளத்துக்கே தெரியாது. தெரியாதபடி பாத்துக்கிட்டது ஆரு?

மீட்டர எடுத்தேன். ரெண்டு ஊசியும் ஒண்ணோடொண்ணு தொட்டா பீப்புங்கும், வழி இருக்குதுன்னு அர்த்தம். ஒயரோட அந்தக் கடைசியில ஒண்ணு, இந்தக் கடைசியில ஒண்ணு. பீப். ஒயரு அறுவல. தாமிரத் தொப்பியில இருந்து தகட்டுக்கு, பீப். எர்த்துக்கு, பீப். எல்லாம் பேசுது. கிளிப்புக்கும் தொப்பிக்கும் நடுவுல வெச்சேன். சத்தமில்ல. அழுத்தி வெச்சேன். இல்ல. இவ்வளவு பக்கத்துல, கவ்விக்கிட்டு நிக்குது, பாத்தா ஒட்டிக்கிட்டுத்தான் இருக்குது, பேச்சில்ல. கிளிப்பக் கழட்டி, வாயப் பொளந்து, வெளிச்சத்துல காட்டிப் பாத்தேன். உள்ள பித்தளை மேல கருப்பாட்டம் ஒரு பக்குக் கட்டியிருக்குது. துருவா? பித்தளைக்கு ஏது துரு. நகத்தால லேசாச் சொரண்டுனேன். கருப்புக்கு அடியில மஞ்சளு. மஞ்சளுக்கு நடுவுல செவப்பா ஒரு புள்ளி. மூக்குக்கிட்டக் கொண்டுபோனேன், கருகுன வாசம்தான், ஆனா அந்தக் கருகலுக்கு உள்ள, அட ஆண்டவா, சந்தனம். சந்தனமும் குங்குமமும். ஆயுத பூசை நோம்பி. போன வருசம். நோம்பிக்கு எல்லாத்தையும் மண்ணெண்ணெயில கழுவி வாழையெலையில பரப்பி வெச்சுருந்தேன், டார்ச்சு, நாசிலு, ஸ்பேனரு, இந்தக் கிளிப்பு. எல்லாரு ஊட்டுலயும் வந்துருந்தாங்க, பொரி, சுண்டலு, மொதலாளியம்மா ஒரு பக்கம், பரிமளம் ஒரு பக்கம் சந்தனக் கிண்ணத்தோட. இவளுக்கு எதையும் விட மனசு வராது. கம்ப்ரசருக்குப் பொட்டு, சுவிச்சு போர்டுக்குப் பொட்டு, தீயணைக்கற சிலிண்டருக்கு, வாச்மேனோட டார்ச் லைட்டுக்கு, என்ற டிபன் பாக்ஸுக்கு. இந்தக் கிளிப்பக் கையில எடுத்துத் திருப்பித் திருப்பிப் பாத்தா. வெளிய பூரா ரப்பர் உறை. ஏனுங்க, இதுக்கு நெத்தி எங்க இருக்குன்னா. நான் மால மாட்டறதுக்கு ஏணி மேல நின்னுருந்தேன், திரும்பிக்கூடப் பாக்கல, எங்கியாச்சும் வை போன்னேன். அவ வாயப் பொளந்து, பளபளன்னு இருந்த பித்தளையப் பாத்து, மோதிர வெரல்ல தொட்டு உள்ள வெச்சா. வாய்க்குள்ள வெச்சுட்டேனுங்க, இனி இது நல்ல வார்த்தையே பேசும்னா. வெல்டர் பசங்க சிரிச்சாங்க. அது அன்னைக்கோட வாய மூடிக்கிச்சு. அடிப் பாவி. அடிப் பைத்தியக்காரி. கரண்ட்டு போற எடத்துலயாடி பொட்டு வெப்ப? நான் எறங்கி வந்து ஒரு வார்த்த சொல்லியிருந்தா ஆயிருக்கும். எங்கியாச்சும் வை போன்னேன். அன்னைக்கும் அதான். உன் இஷ்டம், உனக்கு எது சௌரியமோ.

உப்புத்தாள் கையில இருக்குது. நாலு தேய் தேய்ச்சாப் போயிரும். தேய்க்கல. நோம்பி முடிஞ்சு ரெண்டு வாரத்துல போயிட்டா. ஊட்டுல அவ வெச்சுட்டுப் போனதெல்லாம் தீந்து போச்சு. புளிக்காச்சல் தீந்துச்சு, பருப்புப்பொடி தீந்துச்சு, அந்தச் சீட்டுகூட எண்ணெ பட்டு எழுத்து அழிஞ்சு போச்சு. தலகாணி உறையத் தொவைக்காம ரெண்டு மாசம் வெச்சுருந்தேன், அப்பறம் அதுல என்ற வாசந்தான் அடிச்சுச்சு. இது மட்டும் இருந்துருக்குது. நாசில் மாத்தறப்பல்லாம், நாளைக்கு ரெண்டு தடவ கழட்டி மாட்டுன கை இது. எட்டு மாசமா அவ வெரல் வெச்ச எடத்தப் புடிச்சுட்டு நின்னுருக்கேன், தெரியல. அம்பத்தி அஞ்சு வயசுல ஒரு கிளிப்பப் புடிச்சுக்கிட்டுக் கண்ணு கலங்கி நிக்கற, அசிங்கமா இல்லையாடா வையாபுரின்னு என்னையே கேட்டேன். இல்ல. அசிங்கமாவே இல்ல. ஆருமே இல்லாத பட்டறையில அழுவறதுக்கு என்ன அசிங்கம். அழுவட்டும். நான் பயந்துட்டு இருக்கறது எதுக்குன்னு எனக்கே இப்பத்தான் வெளங்குது. உங்களுக்கு எது சௌரியமோன்னு நான் சொன்னது பொடியனுக்காக இல்ல. நல்லவனா இருக்கறதுக்காகவுஞ் சொல்லல. வான்னு சொல்லி, அவ வரலீன்னா? அங்க அவளுக்கு லிப்டு இருக்குது, பூங்கா இருக்குது, சாயங்காலம் பேசறதுக்கு நாலு தமிழ்ப் பொம்பளைங்க இருக்காங்க, மடியில பேரன் இருக்கான். இங்க என்ன இருக்குது? இரும்புத் தூசியோட வந்து சேர்ற நானு. வான்னு வாய்விட்டுக் கேட்டு, சித்த நாள் போகட்டுங்கன்னு அவ சொல்லிட்டா, அப்பறம் நான் அந்த ஊட்டுக்குள்ள எப்பிடிப் போயிப் படுப்பேன்? கேக்காத வரைக்கும், கேட்டா வந்துருவாள்னு நெனச்சுக்கிட்டுத் தூங்கலாம். எட்டு மாசமா அதத் தின்னுட்டுத்தான் கெடந்தேன்.

பன்னெண்டரை. தேய்ச்சேன். மொதல்ல கருப்புப் போச்சு, பொறவு மஞ்சளு, அந்தச் செவப்பு மட்டும் பித்தளையோட சொரசொரப்புல ஒளிஞ்சுக்கிட்டு வரமாட்டேங்குது, ஊசி மொனையால நோண்டி எடுத்தேன். நகக்கண்ணுல கொஞ்சம் ஏறிக்கிச்சு. அத எடுக்கல. பித்தளை பளிச்சுன்னு வந்துச்சு. தொப்பியில மாட்டி மீட்டர வெச்சேன். பீப். ஒரு தடவ போதும், நான் நாலு தடவ வெச்சுப் பாத்தேன். அஞ்சாவது தகட்டத் தூக்கிப் போட்டேன், பாரத்தையெல்லாம் எடுத்துட்டேன், புது நாசில் மாட்டுனேன், ஆம்பியர், ஸ்பீடு எல்லாத்தையும் காலையில இருந்த மாதிரியே வெச்சேன். பட்டன். டார்ச் எறங்குச்சு. தகட்டுக்கிட்ட வந்துச்சு, தொட்டுச்சு. தொட்டதோட நின்னுச்சு. தகடு ஒரு மயிரெழகூட அசையல, டொக்கு இல்ல, ஒண்ணுமில்ல, தொட்டதும் நின்னு, சரின்னு மேல ஏறி, நீலமா ஒரு நெருப்பு, சர்ருன்னு கெளம்பிருச்சு. மொத ஓட்டை, ரெண்டாவது ஓட்டை, வெட்டுன துண்டெல்லாம் அடியில தண்ணித் தொட்டியில சொத்து சொத்துனு விழுவுது. மூலைக்கு மூலை நிதானமாத் திரும்புது. பன்னெண்டு அம்பதுக்கு முடிச்சுட்டு டார்ச் ஓரமாப் போயி நின்னுக்கிச்சு. தகட்டத் தூக்கி வெளிச்சத்துல புடிச்சேன். பிசிறு இல்ல. ஓட்டை பூரா வட்டம். காட்டறதுக்கு ஆருமில்ல. எந்த நாளும் இப்பிடி ஒண்ணு சரியா வந்தா ஒரு மணிப் போன்ல சொல்லுவேன், இன்னைக்கு மிஷின் அருமையா ஓடுச்சு பரிமளம்னு, அவளும் அப்பிடிங்களாம்பா. அவளுக்கு அதுல ஒண்ணும் புரியாது, ஆனா அப்பிடிங்களாம்பா.

போன் அடிச்சுச்சு. தாரணி நம்பரு. எடுத்தா பேசறது பரிமளம். சாப்பிட்டிங்ளா? வாயி அதுவாத் தொறந்துக்கிச்சு, சாப்பிட்டேன்னு சொல்றதுக்கு. சா வரைக்கும் வந்துருச்சு. நகத்துல அந்தச் செவப்பப் பாத்தேன். இல்ல, சாப்பிடலன்னேன். ஏனுங்க, மணி ஒண்ணாச்சு? பசியில்ல, நீ போனதுல இருந்தே ஒழுங்காப் பசியில்ல, அந்தப் பீன்ஸ் போட்டோ ரெண்டும் ஒரே போட்டோதான். தெரியுமேன்னா, மெதுவா. எனக்கு நிறுத்தத் தெரியல அதுக்கு மேல. மாசி மாசம் பாத்ரூம்ல விழுந்து ரெண்டு மணி நேரம் எந்திரிக்க முடியாமக் கெடந்தேன், இரும்புத் தூசி இல்ல, பைக்குல விழுவல, உங்கிட்டச் சொல்லல. அங்கயே இரு, எனக்கு ஒண்ணுமில்லைன்னு சொன்னதெல்லாம் பொய்யி பரிமளம், எல்லா நாளும் பொய்யி. என்னால முடியல. வந்துரு. சொல்லிட்டேன். அந்தப் பக்கம் பொடியன் ங்ஙேன்னது கேட்டுச்சு, வளையல் சத்தம் கேட்டுச்சு, அவ மூச்சு கேட்டுச்சு. போச்சு, சித்த நாள் போகட்டுங்கன்னு சொல்லப்போறா, கேக்காமயே இருந்துருக்கலாம்னு மிஷினப் புடிச்சுக்கிட்டு நிக்கறேன். அப்பறம் அவ குரல், எங்கிட்ட இல்ல, போன வாயில இருந்து தள்ளிப் புடிச்சுக்கிட்டு உள்ளாற பாத்துக் கத்தறா, தாரணி, அந்த எடத்துல உம்பையன் பேர எழுதச் சொல்லீரு, ஒடனே சொல்லு, மணியாவுது. மறுபடி போனு காதுக்கிட்ட வந்துச்சு. மூக்க உறிஞ்சினா. நான் வெக்கட்டுமான்னேன், என்ன கேக்கறதுன்னு தெரியாம. வெக்காதீங்க, ஒண்ணும் பேச வேண்டாம், சித்த நேரம் அப்பிடியே இருங்கன்னா. சரின்னேன். ஸ்கிரீன்ல அடுத்த தகடு வெய்யின்னு வந்து மினுக்கு மினுக்குன்னு நின்னுச்சு. அது நிக்கட்டும்னு விட்டுட்டு, போனக் காதுல வெச்சுக்கிட்டு டப்பா மேல உக்காந்தேன்.